மூன்றரை மணி நேரச் சோதனை: லேசர் கண் சிகிச்சைக்காக நாங்கள் போன இரண்டு இடங்கள்

நான் மெய்ப்புத் திருத்துபவள். அச்சுக்குப் போகும் பக்கங்களில் விட்டுப்போன புள்ளியையும் இடம் மாறிய கொம்பையும் தேடிப் பிடிப்பதுதான் 19 வருடமாக என் வேலை. வயது 44. ஆறாம் வகுப்பில் மூக்கில் ஏறிய கண்ணாடி இன்னும் இறங்கவில்லை. வலக்கண் மைனஸ் 4.75, இடக்கண் மைனஸ் 5.25. என் அண்ணன் மகளுக்கு அப்போது 23 வயது, கூடைப்பந்து ஆடுகிறவள், இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றரை. லேசர் யோசனை முதலில் அவளுடையதுதான். "அத்தை, நீங்களும் வாருங்கள், இரண்டு பேருமாகக் காட்டிவிட்டு வரலாம்" என்று கூப்பிட்டாள்.

கடைசியில் அவள் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து செய்துகொண்டாள். நான் செய்துகொள்ளவில்லை. இரண்டு முடிவுமே சரியானவை என்று இன்றும் நினைக்கிறேன். அப்படி முடிவெடுக்க உதவியது ஒரு மருத்துவமனை எங்களுக்குச் செய்த சோதனை. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் போன இடத்தைச் சொல்லாவிட்டால் அதன் அருமை விளங்காது.

முதல் இடத்தில் உள்ளே போனது முதல் வெளியே வந்தது வரை 25 நிமிடம். அண்ணன் மகள் காலையில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அங்கேயே கழற்றச் சொல்லி, கழற்றிய கையோடு கருவியின் முன் உட்காரவைத்துக் கண்ணின் முன்புறத் தெளிபடலமான கருவிழியைப் படமெடுத்தார்கள். லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வளைவைக் கொஞ்சம் மாற்றிவைக்கும், நாள்கணக்கில் போடாமல் விட்டால்தான் பழைய வடிவத்துக்குத் திரும்பும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. படமெடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டை யாரும் கேட்கவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விடவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்ற ஒரு கேள்வி வரவில்லை. மருத்துவர் எங்கள் இருவரிடமும் சேர்த்து நான்கு நிமிடம் பேசிவிட்டு, இரண்டு பேருக்குமே செய்யலாம் என்றார். அடுத்து ஆலோசகர் வந்தார். மூன்று வகைச் சிகிச்சையையும் மூன்று விலையாக மேசையில் விரித்தார்; விலை அதிகமானதுதான் புதியது, புதியதுதான் நல்லது என்றார்; இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார். கண் விஷயத்தில் ஒருவரை வாரக்கெடு வைத்து அவசரப்படுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் மகளுக்கோ அன்றே கட்டிவிடத் துடிப்பு. வாசலில் நின்று பேசிப் பேசி, இன்னோர் இடத்திலும் காட்டிவிட்டு முடிவு செய்வது என்று அவளைச் சம்மதிக்க வைத்தேன். கிளம்பும் முன் அவள் ஒரு நல்ல காரியம் செய்தாள். கருவிழிப் படத்தின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது மருத்துவமனையில் தொலைபேசியில் நேரம் குறித்த பெண் எடுத்த எடுப்பில் கேட்டது, "லென்ஸ் போடுகிறீர்களா?" போடுகிறாள் என்றதும், மென்மையான லென்ஸ் என்றால் வரும் நாளுக்கு முன் இரண்டு வாரம் போடக் கூடாது, கடினமான லென்ஸ் என்றால் இன்னும் அதிக நாள் விட வேண்டும் என்றார். கையில் இருக்கும் பழைய கண்ணாடிச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். சொட்டு மருந்தில் கண் விரிந்திருக்கும், திரும்பும்போது வண்டி ஓட்ட முடியாது, அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூட வீணில்லை.

சோதனை மூன்றரை மணி நேரம் நடந்தது. பவர் பார்த்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கண்மணி எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். கண் அழுத்தம் பார்த்தார்கள். வடிகட்டித் தாள் போன்ற மெல்லிய பட்டையைக் கீழிமைக்குள் மடித்துச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார்கள். கண்ணீர் அந்தத் தாளில் எவ்வளவு தூரம் ஊறி இறங்குகிறது என்பதுதான் கணக்கு. அவளுக்கு 17 மில்லிமீட்டர். எனக்கு 8. பத்துக்குக் கீழே வந்தால் யோசிப்போம் என்றார் பட்டையை எடுத்தவர். நாள் முழுக்க இமைக்காமல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. எனக்கு அந்த எட்டு ஆச்சரியமாக இல்லை. லேசர் கருவிழியின் நுண்ணிய நரம்புகளையும் வெட்டிவிடும், அதனால் சில மாதம் எல்லோருக்குமே கண்ணீர் குறையும், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகும், ஏற்கெனவே காய்ந்த கண் என்றால் பாடு அதிகம் என்று விளக்கினார்.

கருவிழிப் படத்தைத் திரையில் காட்டினார்கள். நிலப்படம் போலவே இருந்தது: வளைவு அதிகமான இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம். கீழ்ப்பாதி மட்டும் தனியாகச் சிவந்திருந்தால் எச்சரிக்கை. கருவிழி நாளடைவில் மெலிந்து கூம்பிப்போகும் நோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். அந்தக் கண்ணை லேசர் வைத்து மேலும் மெலியவைத்தால், உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் கருவிழி முன்னே புடைத்துக்கொண்டு வரும். அண்ணன் மகள் கொண்டுவந்திருந்த முதல் இடத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதில் கீழ்ப்பாதி சற்றுச் சிவந்திருந்தது. இரண்டு வாரம் லென்ஸ் போடாமல் வந்து எடுத்த படத்தில் அந்தச் சிவப்பு இல்லை. அப்படியானால் லென்ஸின் அழுத்தம்தான் அப்படிக் காட்டியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது எதற்கென்றால், முதல் இடத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகும் ஒரு வார்த்தை பேசாமல் "செய்யலாம்" என்று சொன்னதற்குத்தான்.

கணக்கில் நான் தேறிவிட்டேன். கருவிழியின் நடுத் தடிமன் சராசரியாக ஏறத்தாழ 540 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எனக்கு 518. லேசிக் முறையில் மேலே சுமார் 110 மைக்ரானுக்கு ஒரு மூடியைப் பிரித்து, புத்தகப் பக்கம் போலப் புரட்டிவைப்பார்கள். அதற்கடியில் 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால் ஒவ்வொரு டையாப்டருக்கும், அதாவது கண்ணாடிப் பவரின் ஒவ்வோர் அலகுக்கும், ஏறக்குறைய 14 மைக்ரான் போகும். 5.25 டையாப்டருக்கு 74. எல்லாம் கழித்து 334 மிஞ்சும். 250க்குக் கீழே இறங்கவே கூடாது என்பது நெடுநாளாக இருக்கும் வரம்பு, நான் 300 மிஞ்சாவிட்டால் தொடமாட்டேன் என்றார் மருத்துவர். இந்தக் கழித்தலை அவர் என் கண்முன்னே ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நீங்கள் போகும் இடத்திலும் இப்படி எழுதிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விதான் என் முடிவை மாற்றியது. "என்ன வேலை செய்கிறீர்கள்?" சொன்னேன். "எப்படிப் படிப்பீர்கள், காட்டுங்கள்" என்றார். பையில் ஒரு நூலின் மெய்ப்புத் தாள்கள் இருந்தன. எடுத்தேன், வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன், தாளை முகத்தருகே கொண்டுவந்தேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு அளவுகோலை எடுத்து என் நெற்றிக்கும் தாளுக்கும் நடுவே பிடித்தார். இருபது சென்டிமீட்டர்.

"இந்த இருபது சென்டிமீட்டரைத்தான் நான் உங்களிடமிருந்து எடுத்துவிடுவேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அந்நேரம் கண்ணில் விட்டிருந்த சொட்டு மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கிட்டத்தில் பார்ப்பதற்காகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைத் தடிக்கவைக்கும் தசையை அது சிறிது நேரம் செயலற்றதாக்கும். "இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே தாளைப் படியுங்கள்" என்றார். போட்டேன். எழுத்து இருந்த இடத்தில் சாம்பல் நிற வரிகள் மட்டுமே தெரிந்தன. நீட்டிப் பிடித்தேன், ஒன்றும் மாறவில்லை. கழற்றினேன். இருபது சென்டிமீட்டரில் ஒவ்வொரு புள்ளியும் பளிச்சென்று நின்றது. கிட்டப்பார்வைக்காரர்களுக்கு, நாற்பதுக்கு மேல் கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்து வந்தாலும் கண்ணாடியைக் கழற்றிப் படித்துக்கொள்ளும் வசதி உண்டு. தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும்படி லேசர் சரியாக்கிவிட்டால் அந்த வசதி போய்விடும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அதன் பிறகு படிக்கத்தான் கண்ணாடி வேண்டும். முதல் இடத்தில் எனக்கு விற்க வந்த "கண்ணாடியில்லாத வாழ்க்கை" சாலையில் நடக்கும்போது மட்டும்தான் இருந்திருக்கும். என் மேசையில் இருந்திருக்காது.

அவர் அதோடு விடவில்லை. "ஒரு வாரம் எதற்காகவும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். படிக்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும். சிகிச்சைக்குப் பிறகு உங்கள் பார்வை ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும், சொல்லப்போனால் கிட்டத்துக்குக் கண் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உழைக்க வேண்டிவரும். வாரம் முடிந்ததும் பேசலாம்" என்றார். இதற்குக் கட்டணம் கிடையாது, கருவி கிடையாது. நாற்பதைத் தாண்டி லேசர் யோசிக்கும் கிட்டப்பார்வைக்காரர் ஒவ்வொருவரும் இந்த ஒரு வாரத்தைச் செய்து பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் செய்து பார்த்தேன். முதல் இரண்டு நாள் பக்கத்தின் முதன்மை எழுத்தைச் சமாளித்துவிட்டேன். தாளைத் தள்ளிப் பிடித்தால் தெரிந்தது. அடிக்குறிப்புதான் தள்ளாடவைத்தது. மூன்றாம் நாள் ஒரு அடிக்குறிப்பில் "காரணம்" என்ற சொல் "கரரணம்" என்று வந்திருந்தது. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் கீழே இழுக்கும் அந்தச் சின்னச் சாய்வு மட்டுமே. கைநீளத் தூரத்தில் அது எனக்குத் தெரியவில்லை. சரி என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த மேசைக்காரர் பிடித்துக் கொண்டுவந்து காட்டினார். ஐந்தாம் நாள் ஒற்றெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் வரை காத்திருக்கத் தேவையிருக்கவில்லை.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்குமாக வைக்கும் வழியும் உண்டு. அதையும் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பலருக்கு அது நன்றாகப் பழகிவிடுமாம். எனக்குப் படிக்கட்டில் இறங்கும்போது அடுத்த படியின் ஆழம் பிடிபடவில்லை, கழற்றிவிட்டேன்.

இதற்கிடையில் மருத்துவர் ஓர் ஆய்வின் பெயரை எழுதித் தந்திருந்தார்: அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்று நடத்திய பிரவுல் ஆய்வு, முடிவுகள் 2017இல் வெளியானவை. லேசிக் செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், சிகிச்சைக்கு முன் ஒளிவட்டம், கண்கூச்சம் போன்ற எந்தத் தொல்லையும் இல்லாதிருந்தவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்கள் மூன்றாம் மாதத்தில் ஏதாவதொரு புதுத் தொல்லையைச் சொல்லியிருக்கிறார்கள். உலர்கண் இல்லாதிருந்தவர்களில் சுமார் 28 சதவீதத்தினருக்கு அது வந்திருக்கிறது. தொல்லையால் அன்றாட வேலையே முடங்கியவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. திருப்தியும் தொல்லையும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்க முடியும் என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த எண்கள்தான். இரண்டு எண்ணையும் தானாக முன்வந்து சொன்ன மருத்துவரை நம்பத் தோன்றியது.

அண்ணன் மகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய பழைய சீட்டுகளில் ஒரு வருடம் முன்பு மைனஸ் 2.75 என்றிருந்தது. ஒரு வருடத்தில் முக்கால் டையாப்டர் ஏறியிருக்கிறது என்றால் பவர் இன்னும் நிலைக்கவில்லை. இன்று செதுக்கினால் நாளை மறுபடி ஏறும். "ஒரு வருடம் கழித்து வா, அம்மா. அதுவரை கண்ணைத் தேய்க்காதே" என்றார் மருத்துவர். அவள் பேசும்போதே இரண்டு முறை கண்ணைக் கசக்கியதை அவர் கவனித்திருக்கிறார். ஒவ்வாமைக்குச் சொட்டு மருந்து எழுதித் தந்தார், தேய்ப்பதுகூடக் கருவிழியை வலுவிழக்கச் செய்யும் என்று எச்சரித்தார். அவள் திரும்பும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பணத்தோடு வந்து நின்ற ஒருத்தியை ஒரு வருடம் கழித்து வா என்று அனுப்புகிற இடம் என்பதாலேயே எனக்கு அங்கே மரியாதை கூடியது.

பதின்மூன்று மாதம் கழித்துப் போனோம். பவர் அசையவில்லை, கருவிழிப் படமும் மாறவில்லை, தடிமன் 528. விளையாட்டில் முகத்தில் முழங்கை படும் என்பதால் மூடி பிரிக்கும் லேசிக் வேண்டாம் என்றார் மருத்துவர்; அந்த மூடி பல வருடம் கழித்தும் பலத்த அடியில் நகரக்கூடும். சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு சில்லை எடுக்கும் ஸ்மைல், மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டுச் செதுக்கும் பிஆர்கே, இந்த இரண்டில் எது வேண்டும் என்று கேட்டார். பிஆர்கே பழையது, ஆறுவதற்கு நாளாகும், வலிக்கும். ஆனால் கருவிழியில் வெட்டே கிடையாது, அவளுடைய பவருக்கு அது போதும் என்றார். அவள் அதையே எடுத்துக்கொண்டாள்.

நான் வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மரக்கவைக்கும் சொட்டு, இமையைத் தாங்கும் கம்பி, நீர்த்த ஆல்கஹாலைச் சில நொடி தேக்கி மேல்தோலை நெகிழ்த்தித் துடைத்தது, பிறகு டக் டக் என்ற லேசர். ஒரு கண்ணுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. முடி பொசுங்கும் வாசனை வந்தது என்றாள். உண்மையில் எதுவும் எரிவதில்லை. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் திசுவின் மூலக்கூறுப் பிணைப்பை உடைத்து அதைத் துகளாகப் பறக்கவிடும், பக்கத்துத் திசு கருகாது. 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பில் இதைச் செய்து பார்த்த மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தத் திரை முன் நின்றபோது அவர் பெயர் என் நினைவில் இருந்தது, நன்றியோடு.

குறை சொல்ல இரண்டு உண்டு. பிஆர்கே வலியைப் பற்றி "கொஞ்சம் உறுத்தும்" என்றுதான் ஊழியர்கள் சொன்னார்கள். இரண்டாம் மூன்றாம் நாள் அவள் இருட்டறையில் கண்ணீர் வழியக் கிடந்தாள். கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் இருக்கிறது என்று அழுதாள். புண் ஆறும்வரை கண்ணில் வைத்திருந்த பாதுகாப்பு லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்த பிறகும் இரண்டு வாரம் எழுத்துகள் மங்கலாகவே இருந்தன. இதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். இன்னொன்று, முதல் நாள் சொட்டு மருந்தில் கண் விரிந்திருந்த நேரத்தில் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். பொடி எழுத்து, ஆறு பக்கம். எந்த நோயாளியால் அதைப் படிக்க முடியும்? வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து என்றேன், மறுக்காமல் தந்தார்கள்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. இரண்டு கண்ணும் ஆறுக்கு ஆறு, அதாவது குறையில்லாத பார்வை. இரவில் வண்டி விளக்கைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிகிறது, முதல் மாதத்தைவிடக் குறைவு. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு இன்னும் நாளுக்கு இரண்டு முறை. ஆட்டக் களத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டி மாட்ட வேண்டியதில்லை என்பதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறாள்.

கடைசி நாள் ஒரு கோப்பைத் தந்தார்கள். சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன், எவ்வளவு செதுக்கினார்கள் என்ற கணக்கு. வயதான பிறகு கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் அளவைக் கணக்கிட இவை வேண்டும், செதுக்கிய கருவிழியை மட்டும் அளந்தால் கணக்குப் பிசகும். கண் அழுத்தத்தையும் இனிமேல் கருவி உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும் என்றார் மருத்துவர். அவள் கோப்பை என்னிடம் நீட்டி, "அத்தை, ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்றாள். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு தாளாக முகத்தருகே பிடித்துப் படித்தேன். சுருக்கத் தாளில் வலக்கண், இடக்கண் என்ற தலைப்புகள் இடம் மாறி அச்சாகியிருந்தன. கொண்டுபோய்க் காட்டினேன். மூலப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, வருத்தம் தெரிவித்து, திருத்திய தாளில் முத்திரையிட்டுத் தந்தார்கள்.